மால்ட் பார்லில புரதம் ஏறுது, மணி சுருங்குது: தழைச்சத்து கோளாறை அறிகுறி வச்சு கண்டுபிடிக்கிற வழி

மால்டுக்குன்னு (பீர் மாதிரி பானத்துக்காக முளைக்க வச்சு காய வைக்கிற தானியம்) பார்லி போட்டு, அறுவடை முடிஞ்சு சாம்பிள் அனுப்பினதுக்கு அப்புறம் "புரதம் ஜாஸ்தி, தீவனத்துக்கு வேணா எடுத்துக்கறோம்"னு பதில் வர்றது வருஷா வருஷம் நடக்குது. உடனே எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், யூரியா அதிகமாயிடுச்சு, அடுத்த தடவை குறைச்சிடலாம். நிறைய கேஸ்ல இது நோய் ஒண்ணு மருந்து ஒண்ணுங்கற கதை. புரத நம்பரை மட்டும் தனியா வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க, அதே வயலோட மகசூலையும் பக்கத்துல எழுதி ரெண்டையும் சேர்த்துதான் படிக்கணும்.

எப்படி படிக்கறதுன்னா:

மகசூல் நல்லா வந்து புரதமும் ஜாஸ்தின்னா, பயிருக்கு தேவைக்கு மேல தழைச்சத்து (அதாவது நைட்ரஜன்) கிடைச்சிருக்கு.

மகசூல் கம்மி, புரதம் ஜாஸ்தின்னா, தழைச்சத்து பெரும்பாலும் குற்றவாளி இல்ல. வெயில், தண்ணி, நோய், லேட் விதைப்பு, இதுல ஏதோ ஒண்ணு மணியில மாவு நிரம்ப விடாம தடுத்திருக்கு.

மகசூல் கம்மி, புரதமும் கம்மின்னா, பயிர் பட்டினி.

மகசூல் நல்லா வந்து புரதம் கம்மின்னா, சத்து முழுக்க மகசூலா மாறி மணியில நீர்த்துப்போச்சு. இதுக்கு பயப்பட வேண்டாம், கொஞ்சம் சரி பண்ணினா போதும்.

வாங்கறவங்க பொதுவா கேக்கற அளவு என்னன்னா, ரெண்டு வரிசை பார்லிக்கு (கதிர்ல மணி ரெண்டு வரிசையா நிக்கிற வகை) புரதம் சுமாரா 9.5ல இருந்து 11.5 சதவீதம், சில பேர் 12, 12.5 வரைக்கும் ஏத்துக்குவாங்க. மணியில 90 சதவீதத்துக்கு மேல 2.5 மில்லிமீட்டர் சல்லடை மேல நிக்கணும் (சில நாட்டுல 2.4), முளைப்பு 95க்கு கீழ போகவே கூடாது, நிறைய பேர் 98 கேப்பாங்க. உங்க ஒப்பந்தத்துல என்ன போட்டிருக்கோ அதுதான் உங்களுக்கு சட்டம், அதை முதல்ல எடுத்து பக்கத்துல வச்சுக்கோங்க.

## அறிகுறி: புரதம் ஜாஸ்தி

### முதல்ல தாளை பாருங்க, வயலை அப்புறம் பாக்கலாம்

காசு செலவே இல்லாத செக் இது, ஆனா பல பேர் பண்றதில்ல. ரிப்போர்ட்ல இருக்கிற புரதம் உலர் எடை கணக்கா, ஈரத்தோட இருக்கிற மணி கணக்கான்னு பாருங்க. 12 சதவீதம் ஈரம் இருக்கிற மணியில 11 சதவீதம் புரதம்னா, அதே மணி உலர் கணக்குல 12.5 ஆயிடும். ஒரே மூட்டை, ரெண்டு நம்பர். உங்க சோதனை ஒரு கணக்குல இருந்து வாங்கறவர் அளவு இன்னொரு கணக்குல இருந்தா சண்டையே அங்கதான் ஆரம்பிக்கும்.

அடுத்தது பெருக்கற எண். பார்லிக்கு நைட்ரஜனை 6.25ஆல பெருக்கி புரதம்னு சொல்லுவாங்க, கோதுமைக்கு 5.7. கோதுமைக்கு செட் பண்ணின மிஷின்ல பார்லியை ஓட்டி 11ன்னு காட்டியிருந்தா, பார்லி கணக்குல அது 12ஐ தாண்டும். சில நாட்டுல புரதம்னு சொல்லாம நைட்ரஜன் சதவீதமாவே கேப்பாங்க, 1.6 நைட்ரஜன்னா 10 புரதம், 1.84ன்னா 11.5.

மூணாவது சாம்பிள். குவியல் மேல இருந்து ஒரு கை அள்ளி அனுப்பியிருந்தா அந்த நம்பரை நம்பாதீங்க. ஓரமா, நடுவுல, அடியில, பல இடத்துல குத்தூசி போட்டு எடுத்து, ஒண்ணா கலந்து, அதுல இருந்து பிரிச்சு அனுப்புங்க. இந்த மூணையும் சரி பண்ணின பிறகும் ஜாஸ்தியா இருந்தா மட்டும் கீழ போங்க.

### கிளை: மகசூலும் நல்லா வந்திருக்கு

அப்போ சத்து நிஜமாவே மிஞ்சிப்போச்சு. எங்க இருந்து வந்துச்சுன்னு தேடணும், மூட்டையில இருந்துதான்னு முடிவு பண்ணிடாதீங்க.

முந்தின பயிர் என்ன? பயறு வகை, சோயா, கடலை, தீவனத்துக்கு போட்ட குதிரை மசால் இதெல்லாம் இருந்த நிலம்னா மண்ணுலயே கணிசமா தழைச்சத்து கிடக்கும். தொழு உரம், கோழி எரு போட்டிருந்தாலும் அதே கதைதான், அதுலயும் எரு வில்லங்கம் என்னன்னா மண்ணு சூடாக சூடாக மெதுவா கரைஞ்சு கடைசி கட்டத்துலதான் சத்தை விடும், அந்த கட்டத்துல வர்ற தழைச்சத்து மகசூலுக்கு போகாது, நேரா மணியோட புரதத்துக்குத்தான் போகும். மால்ட் பார்லி போடற வயலுக்கு எருவை முந்தின பயிருக்கே கொடுத்து முடிச்சிடறது நல்லதுன்னு நான் எப்பவும் சொல்வேன்.

அடுத்து மண் சோதனை. மேல் மண்ணு மட்டும் போதாது, 0–30, 30–60 சென்டிமீட்டர்னு ரெண்டு ஆழத்துல தனித்தனியா எடுங்க, பார்லி வேர் தாராளமா அவ்வளவு தூரம் போகும். கணக்கு சுலபம்: 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நைட்ரேட்-நைட்ரஜன் 1 பிபிஎம்னா (பத்து லட்சத்துல ஒரு பங்கு) ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4 கிலோ. மேல 12, கீழ 6 வந்துச்சுன்னு வைங்க, 48ம் 24ம் சேர்த்து 72 கிலோ ஏற்கனவே மண்ணுல இருக்கு. உங்க பகுதி சிபாரிசு மண்ணும் உரமும் சேர்த்து மொத்தம் 120 கிலோன்னா, நீங்க போட வேண்டியது 48 கிலோதான், யூரியால தழைச்சத்து 46 சதவீதம்ங்கறதால சுமாரா 104 கிலோ யூரியா. மண்ணை பாக்காம 120ஐயும் மூட்டையில இருந்து போட்டா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். இன்னொண்ணு, சில லேப் ரிப்போர்ட்ல நைட்ரேட்னு மட்டும் போட்டிருப்பாங்க, நைட்ரேட்-நைட்ரஜன் இல்ல, அப்படி இருந்தா அதை 4.43ஆல வகுத்துட்டுதான் மேல சொன்ன கணக்கை போடணும், இல்லன்னா மண்ணுல இருக்கிறதா நீங்க நினைக்கிறது நாலு மடங்கு தப்பா போயிடும்.

டிஏபி (டை-அம்மோனியம் பாஸ்பேட் உரம்) போட்டிருந்தா அதுலயும் 18 சதவீதம் தழைச்சத்து இருக்கு, அதையும் கழிக்கணும். பாஸ்பரஸுக்குன்னு போடறதால பல பேர் கணக்குல சேக்கறதே இல்ல.

இதெல்லாம் சரியா இருந்தும் புரதம் ஏறியிருந்தா எப்ப போட்டீங்கன்னு பாருங்க. விதைப்புல இருந்து தூர் கட்டி முடியற வரைக்கும் போடறது கதிர் எண்ணிக்கைக்கும் மகசூலுக்கும் போகும். முதல் கணு தெரிய ஆரம்பிச்ச பிறகு போடறது கொஞ்சம் கொஞ்சமா புரதம் பக்கம் சாயும், கண்ணாடி இலை (கதிருக்கு முன்னாடி வர்ற கடைசி இலை) வந்த பிறகு போட்டா கிட்டத்தட்ட முழுக்க புரதம்தான். பிரிச்சுப் பிரிச்சு போடறது நல்லதுங்கற பழக்கம் நெல்லுக்கும் ரொட்டி கோதுமைக்கும் சரி, மால்ட் பார்லிக்கு அந்த பழக்கத்தை அப்படியே கொண்டு வரக்கூடாது. மணல் மண்ணா இருந்து ஒரே தடவையில போட்டா அடிச்சுட்டு போயிடும்னு பயம் இருந்தா ரெண்டா பிரிங்க, ஆனா ரெண்டாவது டோஸும் தூர் கட்டும்போதே முடிஞ்சிடணும்.

கணு வந்துடுச்சான்னு எப்படி பாக்கறது? பெரிய தூரை வேரோட பிடுங்கி, அடித்தண்டை பிளேடால நீளவாக்குல ரெண்டா பிளந்து பாருங்க. உள்ள குட்டி கதிர் தெரியும். அது தூர் கட்டின இடத்துல இருந்து ஒரு சென்டிமீட்டர் மேல ஏறிட்டா தண்டு நீள ஆரம்பிச்சாச்சு, யூரியா மூட்டையை மூடி வச்சிடுங்க. வெளிய இருந்து பாத்தா இன்னும் புல்லு மாதிரி படுத்துக்கிட்டுதான் இருக்கும், அதனாலதான் பிளந்து பாக்கச் சொல்றது.

### கிளை: மகசூல் விழுந்திருக்கு, புரதம் மட்டும் ஜாஸ்தி

இங்க யூரியாவை வெட்டினா அடுத்த வருஷம் மகசூல் இன்னும் விழும், புரதம் குறையுங்கறதுக்கும் கேரண்டி இல்ல. மணியில புரதம் முன்னாடியே சேந்துடுது, மாவு கடைசி வரைக்கும் சேந்துக்கிட்டே இருக்கும், நடுவுல வெயிலோ வறட்சியோ வந்து அதை நிறுத்திட்டா புரதத்தோட பங்கு தானா ஏறிடும்.

செலவு கம்மியான காரணத்துல இருந்து பாருங்க. விதைப்பு தேதி லேட்டாச்சா? மணி நிரம்பற நேரத்துல வெயில் ஏறியிருந்தா இதுதான் பெரும்பாலும் விடை, ரெண்டு வாரம் முன்னாடி விதைச்சாலே வித்தியாசம் தெரியும். அப்புறம் தண்ணி, கதிர் வந்த பிறகு பால் பிடிக்கிற வரைக்கும் மண்ணு காஞ்சுதான்னு யோசிங்க, பாசனம் இருக்கிறவங்க அந்த ஒரு தண்ணியை தவற விடக்கூடாது. அப்புறம் இலை நோய், மேல் ரெண்டு இலையும் வலைப்புள்ளி, துரு, சாம்பல் நோயில சீக்கிரம் கருகியிருந்தா மணிக்கு சாப்பாடு போகல. கடைசியா வேர், கடினமான அடுக்கு, அமில மண்ணு. பார்லி புளிச்ச மண்ணை தாங்கவே தாங்காது, பிஹெச் 5.5க்கு கீழ போனா வேர் குட்டையா தடிச்சு நின்னுடும், சுண்ணாம்பு போடறது செலவுதான் ஆனா அதை விட்டுட்டு உரத்தை மாத்திக்கிட்டே இருக்கிறது இன்னும் பெரிய செலவு.

### ஆள கூப்பிட வேண்டிய நேரம்

மண் சோதனை, தேதி, அளவு எல்லாம் சரியா இருந்தும் தொடர்ந்து ரெண்டு சீசன் புரதம் மேலயே நின்னா ஒரு வேளாண் ஆலோசகரை வயலுக்கே கூட்டிட்டு வாங்க, ரகத்தை மாத்தணுமாங்கற முடிவு அப்போதான் எடுக்கணும். ரகத்துக்கு ரகம் ஒரே உரத்துல புரதம் மாறும்ங்கறது உண்மை, ஆனா வாங்கறவர் ஏத்துக்கற ரகமான்னு கேக்காம மாத்தாதீங்க. இப்போ கையில இருக்கிற சரக்குக்கு, நம்பர் ஓரளவுதான் தாண்டியிருக்குன்னா உங்களோட குறைவான புரத லாட்டோட கலக்க முடியுமான்னு வாங்கறவர்கிட்டயே பேசுங்க, அதே ரகமா இருக்கணும், அவருக்கு தெரியாம கலக்கவே கூடாது. புரதம் கூடின மணி ஊற வைக்கும்போது ஒண்ணு போல தண்ணி இழுக்காது, மால்ட்ல சாரும் குறையும், அதனாலதான் அவங்க இவ்வளவு கறாரா இருக்காங்க.

## அறிகுறி: புரதம் கம்மி, 9க்கு கீழ

மகசூல் நல்லா வந்திருந்தா: அடுத்த முறை மொத்த தழைச்சத்தை ஹெக்டேருக்கு 20 கிலோ மாதிரி கூட்டிப் பாருங்க, ஒரே தாவா 50 ஏத்தாதீங்க. ரொம்ப கம்மியான புரதம் மால்டுக்கும் பிரச்சனைதான், நொதிகள் போதாது, ஈஸ்ட்டுக்கு சாப்பாடு போதாது, நுரையும் நிக்காது.

மகசூலும் கம்மின்னா: போட்ட சத்து பயிருக்கு போய் சேரல. மண்ணு மேல யூரியாவை தூவிட்டு மழையும் வராம பாசனமும் இல்லாம சில நாள் கிடந்துச்சா, அதுலயும் காரத்தன்மை உள்ள மண்ணா, அப்போ அம்மோனியாவா காத்துல போயிருக்கும். மழைக்கு முன்னாடி போடறது இல்ல மண்ணுக்குள்ள போடறது, இதுக்கு தனி செலவு கிடையாது. மணல் மண்ணுல கனமழைன்னா ஆழத்துக்கு இறங்கிப் போயிருக்கும். தண்ணி தேங்கின களிமண்ணுன்னா வாயுவா பறந்திருக்கும், அங்க உரம் கூட்டறதை விட வடிகால்தான் வேலை. இது எதுவுமே இல்லன்னா சல்பரை பாருங்க, கந்தகச்சத்து இல்லாத மண்ணுல எவ்வளவு தழைச்சத்து போட்டாலும் பயிர் அதை உபயோகிக்க முடியாம நிக்கும்.

## அறிகுறி: வளர்ற பயிர் வெளிறுது, மஞ்சளாகுது

இந்த சீசனையே காப்பாத்தக்கூடிய அறிகுறி இது, அதனால அவசரமா பாருங்க, ஆனா அவசரமா மூட்டையை தூக்காதீங்க.

எந்த இலை மஞ்சள்? அடி இலை நுனியில இருந்து மஞ்சளாகி உள்ள இறங்கினா தழைச்சத்து. மேல புது இலை வெளிறி அடி இலை பச்சையா இருந்தா சல்பர். நரம்புக்கு நடுவுல வெளிறி சாம்பல்-பழுப்பு புள்ளி விழுந்தா மாங்கனீசு சந்தேகம். பள்ளமான இடத்துல மட்டும் திட்டு திட்டா மஞ்சள்னா தண்ணி தேக்கம், பிடுங்கி வேரை மோந்து பாருங்க, நாத்தம் தெரியும். அங்கங்க திட்டா பளிச்சுனு மஞ்சளாகி செடி குட்டையா நின்னா அசுவினி பரப்பற மஞ்சள் குட்டை வைரஸா இருக்கலாம், அதுக்கு உரம் மருந்தே இல்ல.

கண்ணால முடிவு பண்ண முடியலன்னா வயல்லயே கேட்டுடலாம். ஒரே மாதிரி வெளிறின இடத்துல ஒவ்வொண்ணும் 10 சதுர மீட்டர் இருக்கிற மாதிரி மூணு கட்டம் போடுங்க. முதல் கட்டத்துல எதுவும் வேண்டாம். ரெண்டாவதுல 44 கிராம் யூரியா. மூணாவதுல 95 கிராம் அம்மோனியம் சல்பேட். ரெண்டுலயும் ஒரே அளவு தழைச்சத்து, ஹெக்டேருக்கு 20 கிலோ கணக்கு, வித்தியாசம் சல்பர் மட்டும்தான். தண்ணி தெளிச்சு விட்டுட்டு ஒரு வாரம் பத்து நாள் பொறுங்க. ரெண்டு கட்டமும் பச்சையானா தழைச்சத்து குறை. மூணாவது மட்டும் பச்சையானா சல்பர். ரெண்டுமே மாறலன்னா உரக்கடை பக்கம் போகாதீங்க, இலை சாம்பிளை லேபுக்கு அனுப்பி, நோய் பாக்கத் தெரிஞ்ச ஆளை கூப்பிடுங்க.

ஒரு எச்சரிக்கை, விடை தழைச்சத்துன்னே வந்தாலும் தண்டு ஏறிடுச்சுன்னா பச்சையாக்கணும்னு ஆசைப்பட்டு முழு டோஸ் போட்டுடாதீங்க. அந்த கட்டத்துல கொஞ்சம் வெளிர் பச்சையா நிக்கிற மால்ட் பார்லி ஆரோக்கியமான பயிர்தான்.

முளைக்கும்போதே வரிசையில இடைவெளி விழுந்து, தோண்டினா விதை பழுப்பா சுருங்கி கிடந்தா அது வேற, யூரியா விதையை தொட்டுக்கிட்டு விழுந்திருக்கு. விதையில இருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி விழற மாதிரி விதைப்புக் கருவியை மாத்தணும்.

## அறிகுறி: பயிர் சாஞ்சுடுச்சு

எங்க சாஞ்சிருக்குன்னு தூரத்துல நின்னு பாருங்க. கோடு கோடா, இல்ல வயல் ஓரத்துல வண்டி திரும்பற இடத்துல மட்டும்னா உரம் ரெண்டு தடவை விழுந்திருக்கு, கீழ இருக்கிற கோடு பகுதிக்கு போங்க. வயல் முழுக்கன்னா ஒரு செடியை பிடிச்சு பாருங்க. வேரோட ஆடி சாயுதா, அப்போ வேர் பிடிமானம் இல்ல, விதைப்பு மேலோட்டமா போயிருக்கும் இல்ல மண்ணு இளகி இருக்கும். அடித்தண்டு வளைஞ்சோ ஒடிஞ்சோ இருக்கா, அப்போ தழைச்சத்து ஜாஸ்தி, நெருக்கமான விதைப்பு, ரெண்டும் சேந்து தண்டை மெலிசாக்கி இருக்கு. தண்டடியில கண்ணு மாதிரி பழுப்பு வடு இருந்தா நோய்.

சரி பண்றதுல முதல்ல விதை அளவை குறைங்க, காசு மிச்சம்தான். அப்புறம் உர அளவு. வளர்ச்சி கட்டுப்படுத்தற மருந்து கடைசி வழி, அதுவும் வாங்கறவர் எழுத்துல சரின்னு சொன்னா மட்டும் அடிங்க, மால்ட் ஒப்பந்தத்துல எது அடிக்கலாம் எது கூடாதுன்னு தனி பட்டியல் இருக்கும்.

பூக்கற சமயத்துல சாஞ்சா நஷ்டம் பெருசு, அறுவடை பக்கத்துல சாஞ்சா அவ்வளவு இல்ல. எப்படியா இருந்தாலும் சாஞ்ச பகுதியை தனியா அறுங்க, தனியா கொட்டுங்க. அதுல முளை விட்ட மணியும் ஃபியூசேரியம் பூஞ்சையும் இருக்க வாய்ப்பு அதிகம், ரோஸ் நிறம் ஏறின மணி கண்ணுல பட்டா பூஞ்சை நச்சு சோதனை பண்ணாம நல்ல குவியல்ல ஒரு பிடி கூட சேக்கக்கூடாது, இதுல விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

## அறிகுறி: மணி சின்னது, சல்லடையில கீழ விழுது

100 கிராம் எடுத்து 2.5 மில்லிமீட்டர் நீளப் பொந்து சல்லடையில அஞ்சு நிமிஷம் ஆட்டி மேல நிக்கறதை எடை போடுங்க, வீட்டுலயே பண்ணலாம்.

சின்ன மணியோட புரதமும் ஜாஸ்தின்னா பயிர் ஆரம்பத்துல நிறைய தூர் விட்டு, அத்தனை கதிருக்கும் கடைசியில தண்ணி போதாம போயிருக்கு. அப்போ ஆரம்ப தழைச்சத்தும் விதை அளவும் உங்க இடத்து ஈரத்துக்கு ஜாஸ்தி. சின்ன மணி, புரதம் நார்மல்னா இலை நோயையும் சாய்ஞ்சதையும் பாருங்க. மணி உடைஞ்சோ உமி உரிஞ்சோ இருந்தா வயலை விடுங்க, அறுவடை மிஷின் செட்டிங்தான், டிரம் வேகத்தை குறைச்சு இடைவெளியை கூட்டுங்க.

மணியை குறுக்க வெட்டிப் பாக்கறதும் பிரயோஜனம். பிளேடால ஒரு அம்பது மணியை வெட்டி கறுப்பு துணி மேல பரப்புங்க. வெட்டுமுகம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா, மாவா இருந்தா நல்ல அறிகுறி. சாம்பல் நிறத்துல கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கிறது நிறைய இருந்தா லேப் முடிவு வர்றதுக்கு முன்னாடியே புரதம் மேல சந்தேகப்படலாம். இது லேபுக்கு பதில் கிடையாது, எந்த குவியலை தனியா வைக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ண உதவும்.

## அறிகுறி: லோடுக்கு லோடு புரதம் மாறுது, வயல்ல பச்சை-வெளிர் கோடு

உரம் தூவற மிஷின். கண்ணுக்கே கோடு தெரியுதுன்னா அளவு நிஜமாவே ரொம்ப மாறுதுன்னு அர்த்தம். தட்டு தேஞ்சிருக்கா, துடுப்புல உரம் ஒட்டி கட்டியிருக்கா, உரம் ஈரம் வாங்கி மாவாயிருக்கா, குருணை சைஸ் வேற வேற உரத்தை கலந்து போட்டீங்களா, இதை முதல்ல பாருங்க. அப்புறம் ஒரே சைஸ் தட்டுகளை தூவற அகலத்துக்கு வரிசையா வச்சு, மிஷினை ஓட்டி, ஒவ்வொண்ணுலயும் விழுந்ததை தனித்தனியா எடை போடுங்க. ஒரு பக்கம் மட்டும் கனமா விழுந்தா செட்டிங், ஓரத்துல மட்டும் ஜாஸ்தின்னா வண்டி ஓட்டற இடைவெளி. செட்டிங் மாத்தியும் சரியாகலன்னா மெக்கானிக்கை கூப்பிடுங்க, கையால வளைச்சு நிமித்தாதீங்க.

கோடே இல்லாம லோடு மட்டும் மாறினா வயல்லயே மண்ணு வேற வேற. பழைய எருக்குழி இருந்த இடம், மேடு பள்ளம், இதை தனித்தனியா மண் சோதனை பண்ணி தனித்தனியா உரம் போடணும்.

## அறிகுறி: முளைப்பு கம்மி

இதுக்கு தழைச்சத்தை திட்டறவங்க இருக்காங்க, நேரடியா சம்பந்தம் கிடையாது. 9 சென்டிமீட்டர் பெட்ரி தட்டுல ரெண்டு வடிதாள், 4 மில்லி தண்ணி, 100 மணி, 20 டிகிரி பக்கத்துல வச்சு மூணு நாள் எண்ணுங்க. அறுத்த உடனே பண்ணினதுன்னா மணி இன்னும் உறக்கத்துல இருக்கலாம், சில வாரம் விட்டு திரும்ப பண்ணுங்க. காய வைக்கிற மிஷின்ல சூடு ஏறிப்போயிருந்தாலும் கரு செத்துடும், ஈரமான மணின்னா இன்னும் சீக்கிரம். உறக்கமா சாவான்னு தெரியணும்னா டெட்ராசோலியம் சோதனை, அது லேப் வேலை, கரு சிவப்பானா உயிர் இருக்கு, காத்திருக்கலாம். நிறமே ஏறலன்னா அந்த சரக்கை மால்டுக்கு காட்டாதீங்க.